தினமும் ஓட்டற வண்டி

ஏறுங்க, ஏறிக்குங்க. உக்கடந்தானுங்களே? நானும் அந்தப் பக்கந்தான் போறேன். பின்னால வேண்டாங்க, முன்னாலயே உக்காருங்க. நீங்க பின்னால உக்காந்தீங்கன்னா நான் டிரைவராட்டம் ஆயிருவேன். பைய எதுக்கு மடில வெச்சுட்டு, கீழ வெச்சுக்குங்க. பெல்ட்டு அப்படித்தான், சித்த வெடுக்குனு இழுக்கோணும். அவ்வளவுதான்.

அய்யோ, காசெல்லாம் வேண்டாங்க. இது வாடகை வண்டி இல்லீங்க. சும்மா போற வண்டி, ஒரு ஆளு எச்சா ஏறுனா தேஞ்சா போயிரும்?

என் பேரு சென்னியப்பனுங்க. ஒண்டிப்புதூர்ல ஊடு. ஸ்பின்னிங் மில்லுல ஷிப்டு சூப்பர்வைசரா இருந்து ரிட்டயர் ஆனவன். ஒண்டிப்புதூர்க்காரனுக்கு சூலூர் பஸ் ஸ்டாப்புல என்ன வேலைன்னு கேப்பீங்க. வண்டி ஓட்டறனுங்க. தினமும் ஓட்டறேன்னு எம்பொண்ணுகிட்ட வாக்குக் குடுத்திருக்கறேன். அதுக்காக ஒரு நாளு சூலூரு, ஒரு நாளு அன்னூரு, ஒரு நாளு கிணத்துக்கடவு. போற வழில யாராச்சும் நின்னா கேட்டு ஏத்திக்குவேன். பாதிப்பேரு பயந்துக்கறாங்க. பொம்பளைங்கள நான் கேக்கறதில்லீங்க, தப்பா நெனைச்சுக்குவாங்க. நீங்க கூட சித்த யோசிச்சீங்க, பாத்தேன்.

பாட்டுச் சத்தம் எச்சா இருக்குதுங்களா? கொறைச்சுக்கறேன். முன் கதவுல ரெண்டு, பின் கதவுல ரெண்டு, டேஷ்போர்டு மேல ரெண்டு, உங்க முதுகுக்குப் பொறத்தால ரெண்டு, ஆக எட்டு ஸ்பீக்கருங்க. அதுக்கு சீட்டுக்கு அடியில ஒரு ஆம்ப்ளிஃபையர். எல்லாம் வண்டி கம்பெனில இருந்தே வந்தது. இந்தா, கையால தொட்டா மாறுதே, இந்த டச் ஸ்கிரீன் செட்டு மட்டும்தான் வெளிய வாங்கிப் போட்டது. அதுலதானுங்க எனக்கு வந்தது கேடு.

சிங்காநல்லூர்ல ஷாஜின்னு ஒருத்தர், கார் செட்டு மாட்டற கடை வெச்சிருக்கறாரு. பாலக்காட்டுப் பக்கத்து ஆளு. நல்ல மனுசந்தான், நான் இல்லைங்கல. வாய் மட்டும் சும்மா இருக்காது. அந்த வாயினால நான் பட்ட பாடு இருக்குதே, அத யார்கிட்டயாவது சொல்லோணும். உங்களுக்கு நேரம் இருக்குதில்லீங்க? உக்கடம் போயிச் சேர எப்படியும் சித்த நேரம் ஆகும்.

இந்த வண்டி என்னுது இல்லீங்க, மாப்பிள்ளையோடது. எனக்கு ஒரே பொண்ணு, அபிராமி. அவளும் மாப்பிள்ளை கோகுலும் மெல்போர்ன்ல வேலை கெடச்சுப் போறப்போ, வித்தா என்ன வந்துரும், மாமா ஓட்டட்டும்னு வுட்டுட்டுப் போனாங்க. எங்க ஊட்டுக்காரம்மா ருக்குமணி அதுக்கு முந்தின வருசமே தவறிட்டாங்க. அப்ப ஊட்டுல நானு, போர்ட்டிகோவுல வண்டி. ரெண்டு பேருந்தான்.

எம்பொண்ணுக்கு நான் தனியா இருக்கறதுல ஒரே பயமுங்க. பாத்ரூம்ல வழுக்கிக் கிழுக்கி உழுந்துட்டா யாரு பாக்கறதுன்னு. தொண்டாமுத்தூர் ரோட்டுல வயசானவிங்களுக்குன்னு வரிசையா ஊடு கட்டி வுட்டிருக்கறாங்களே, பாத்திருப்பீங்க. மூணு வேளை சாப்பாடு, டாக்டரு, சாயங்காலமானா பஜனை. அதுல ஒண்ண புக் பண்ணட்டுங்களாப்பான்னு ஆரம்பிச்சுட்டா. நான் முடியாதுன்னுட்டேன். என் ஊட்ட வுட்டுப்போட்டு நான் ஏனுங்க போகோணும்? கைகால் நல்லா இருக்குது, சோறு ஆக்கத் தெரியும். நான் கட்டுன ஊடுங்க அது. செங்கல்லு ஒண்ணொண்ணும் எனக்குத் தெரியும்.

"ஊட்டுக்குள்ளயே அடைஞ்சு கெடக்காம, வெளிய தெருவ போயி, நாலு பேரப் பாத்துட்டு, வண்டி எடுத்து ஓட்டிட்டு இருந்தீங்கன்னா நான் அதப்பத்திப் பேச மாட்டேனுங்ப்பா. நீங்க மொடங்கிட்டீங்கன்னு தெரிஞ்சுது, அன்னிக்கே புக் பண்ணிருவேன்" அப்படீன்னா. அதான் ஒப்பந்தம்.

சரிம்மணி, வண்டி எடுக்கறேன், எல்லாப் பக்கமும் போறேன்னு சொல்லிட்டேன். சொன்னதோட சரி. எங்கீங்க போறது? போன எடத்துல வாங்கன்னு சொல்ல ஒருத்தர் வேணுமில்லீங்க. மில்லுல கூட வேலை செஞ்சவிங்க பாதி பேரு மகன் ஊட்டுக்குப் போயிட்டாங்க, மீதி பேரு போயே சேந்துட்டாங்க. மருதமலை அடிவாரம் வரைக்கும் ஒருக்கா போனேன். தேங்காப் பழம் வாங்கிட்டு பக்கத்து சீட்டுல வெச்சேன். ஒவ்வொரு வளைவுலயும் அது உருண்டு உருண்டு கீழ உழுந்துட்டே இருந்துது. அதோட சரி, வண்டிய வெளிய எடுக்கல.

அப்பறம் எதுக்குய்யா செட்டு மாத்துனேன்னு கேப்பீங்க. மில்லுச் சத்தத்துல எனக்கு வலது காது மந்தமுங்க. ஃபோனக் காதுல வெச்சா பாதிப் பேச்சு புரியாது. ஸ்பீக்கர்ல போட்டா தகர டப்பாவுக்குள்ள பேசறாப்ல இருக்கும். மாப்பிள்ளை இங்க இருக்கறப்போ ஒருக்கா நானும் அவரும் வண்டில போறப்ப எம்பொண்ணு கூப்பிட்டா. அவ கொரலு எட்டு ஸ்பீக்கர்லயும் வந்துது பாருங்க, நாலாபக்கமும் அவளே உக்காந்திருக்கறாப்ல இருந்துது. அது மனசுல நின்னுபோச்சு. இவங்க போன பொறவு அந்தக் கம்பெனி செட்டு ஸ்கிரீன் செத்துப் போச்சு. அதான் புதுசு போடலாம்னு ஷாஜி கடைக்குப் போனேன்.

போட்டாரு. பழச வெளிய எடுத்து, புதுச உள்ள சொருகி, சாவியத் திருப்புனா ஸ்கிரீன் பளிச்சுனு வருது, பாட்டு ஓடுதுன்னு காட்டுது, சத்தம் மட்டும் இல்லீங்க. கோடு மேலயும் கீழயும் ஆடுது, சத்தமே இல்ல. ஷாஜி எல்லா ஒயரையும் புடுங்கி மாட்டுனாரு. பொறவு சீட்டுக்கு அடியில தலைய வுட்டுப் பாத்துட்டு, "சாரே, இதுல கம்பெனி ஆம்ப் இருக்கு. செட்டு ஆன் ஆனா, எழுந்திரின்னு இந்த ஆம்புக்கு ஒரு ஒயர்ல கரண்டு போகணும். புது செட்டுல அந்த ஒயரு ஒத்து வரல. அதான் இது தூங்குது. பேசாம இத எடுத்துப்போட்டு ஸ்பீக்கருக்கு நேரா ஒயர் இழுத்துரட்டா?" அப்படீன்னாரு.

நான் வேண்டாம்னுட்டேன். மாப்பிள்ளை வண்டி, அவரு வந்து எங்க மாமா ஆம்புன்னு கேட்டா என்ன சொல்றது? எப்படியாச்சும் அத எழுப்புங்கன்னேன். அவரும் எங்கயோ இருந்து ஒரு ஒயர இழுத்துக் குடுத்தாரு. ஸ்பீக்கர் எட்டும் டம்முனு ஒரு தட்டு தட்டிட்டுப் பாட ஆரம்பிச்சுது. எனக்கு அப்பாடான்னு ஆச்சு.

ஒண்டிப்புதூர் வந்துருச்சுங்க. அந்தா, அந்தச் சந்துக்குள்ள போனா எங்க ஊடு. இல்லீங்க, எறங்கலாம்னு சொல்லல, காட்டுனேன்.

அதுக்கப்பறம் ஞாயித்துக்கெழமை ஆனா எனக்குத் திருவிழாதானுங்க. காலைல குளிச்சு, சட்டை மாத்தி, தலை சீவி, போர்ட்டிகோவுல வண்டிக்குள்ள உக்காந்துக்குவேன். சாவிய ஒரு கட்டம் மட்டும் திருப்பி செட்ட ஆன் பண்ணிக்குவேன். அவ கூப்பிடுவா. "எங்கப்பா இருக்கீங்க?" "வண்டிலம்மணி, பொள்ளாச்சி ரோட்டுல போயிட்டிருக்கேன்." வண்டில இருக்கறேங்கறது நெசந்தானுங்களே. கதவச் சாத்திட்டு உள்ள உக்காந்து சொல்றப்போ, எனக்கே பொள்ளாச்சிக்குப் போறாப்லதான் இருக்கும். ரெண்டு பக்கமும் தென்னந்தோப்பு, காத்து அடிக்குதுன்னு சொல்லுவேன். ஹார்ன் சத்தமே கேக்கலையேப்பான்னு ஒருக்கா கேட்டா. அதுல இருந்து நடுநடுவால ஒரு ஹார்ன் அடிச்சுக்குவேன். பக்கத்து ஊட்டு வாத்தியாரு கேட்டுக்கு வந்து நின்னுட்டு, "நின்ன எடத்துலயே யாருக்குங்க ஹார்ன் அடிக்கறீங்க?"ன்னு கேட்டாரு. ஹார்ன் சரியா இருக்குதான்னு பாக்கறேன்னு சொல்லிட்டேன். வாரா வாரமா பாப்பீங்கன்னாரு. அவருக்கு என்னங்க தெரியும்.

அவளும் வண்டில இருந்துதான் பேசுவா. ஆபீஸ் வுட்டு வந்துட்டிருக்கேனுங்ப்பா, இப்பத்தான் நேரம் கெடச்சுதும்பா. எந்நேரமும் வேலை, வண்டி, வேலை, வண்டிதானுங்க அவளுக்கு. ஆனா அந்த ஊரு ரோட்டச் சொல்லோணும். ஒரு சத்தம் இருக்காதுங்க. எஞ்சின் சத்தம் இல்ல, ஹார்ன் இல்ல, லாரி இல்ல. அந்த ஊருக் காக்கா கத்தறது கூடத் தெளிவா கேக்கும். நம்மூருக் காக்கா மாதிரி இல்லீங்க அது, கொழாயில ஊதறாப்ல கத்தும். மணிக்கணக்கா பேசுவோம், அந்தக் காக்கா கூடவே வரும். இந்த எட்டு ஸ்பீக்கர் இருக்கறதுனால அதெல்லாம் தெரியுது. எம்பொண்ணு மூச்சு வுடறது கூடத் தெரியும்.

பேட்டரி பாருங்க, அங்கதான் வெனை. அஞ்சாறு நாள் கழிச்சு சாவியத் திருப்புனா டக்குங்குது, அதோட செத்துப் போயிருது. ஷாஜியக் கூப்பிட்டா, கேபிள் எடுத்துட்டு வந்து அவரு வண்டி பேட்டரியில இருந்து குடுத்து ஸ்டார்ட் பண்ணிட்டுப் போவாரு. திரும்ப ஒரு வாரம், திரும்ப டக்கு. புதுப் பேட்டரி போட்டேன். அதுவும் டக்கு. "சாரே, வண்டி டெய்லி எடுக்கறதுண்டா?"ன்னு கேட்டாரு. எடுக்காம? தினமும் ஓட்டறேன்னு சொன்னேன். அவருகிட்ட மட்டும் வேற மாதிரி சொல்ல முடியுங்களா? ஒரு நாளு எம்பொண்ணு அவரு கடை நம்பருக்குக் கூப்பிட்டா என்ன பண்றது? பொய்யின்னா எல்லார்கிட்டயும் ஒரே பொய்யாத்தான் சொல்லோணும்.

தினமும் ஓட்டியும் பேட்டரி எறங்குதுன்னா டைனமோதான் சார்ஜ் பண்ணலைன்னு சொல்லி ஒரு ஆட்டோ எலக்ட்ரீசியன்கிட்ட அனுப்புனாரு. அந்தாளு கழட்டிப் பாத்து, டைனமோ நல்லாத்தான் இருக்குதுன்னுட்டாரு. நான் ஷாஜிகிட்ட இன்னொண்ணும் சொன்னனுங்க. செட்ட ஆஃப் பண்ணி, சாவிய எடுத்த பொறவும் ஸ்பீக்கர்ல இருந்து உஸ்ஸுன்னு சன்னமா ஒரு சத்தம் வருதுன்னு சொன்னேன். சிரிச்சாரு. "சாவி எடுத்த பிறகு யாரு சாரே வண்டிக்குள்ள உக்காந்து காது குடுத்துக் கேப்பாங்க?" அவ ஃபோன வெச்ச பொறவு ஒடனே எறங்க மனசு வராதுங்க. சித்த நேரம் உக்காந்திருப்பேன். அந்த உஸ்ஸு மட்டும் கேட்டுட்டே இருக்கும்.

சிங்காநல்லூர் சிக்னலுங்க. இங்க நின்னுதான் ஆகோணும். ஷாஜி கடை அந்தா, அந்த மருந்துக் கடைக்கு அக்கட்ட. பாத்தாருன்னா கை காட்டுவாரு. நான் காட்ட மாட்டேன்.

போன மார்கழில எம்பொண்ணு வந்தா. தனியாத்தான் வந்தா, மாப்பிள்ளைக்கு லீவு கெடைக்கல. பதினஞ்சு நாளைக்கு மூணு பெரிய பெட்டியத் தூக்கிட்டு வந்திருந்தா. ஏம்மணி இத்தனை துணின்னு கேட்டேன், குளுரு ஊரு துணி கனம்ப்பான்னா. மெலிஞ்சு போயிருந்தா. அந்த ஊரு சாப்பாடு அப்படி.

மறுநாக் காலைல எந்திரிச்சு, "நீங்க வாரா வாரம் மருதமலை போறீங்களே, என்னையும் கூட்டிட்டுப் போங்கப்பா" அப்படீன்னா. முந்தின நாளு அவ டாக்ஸில வந்ததுனால தப்பிச்சேன். இப்ப போயி உக்காந்து, சாமியக் கும்புட்டுட்டுச் சாவியத் திருப்பறேன். டக்கு. அவ பக்கத்துல உக்காந்து பாத்துட்டே இருக்கறா. "நேத்து வரைக்கும் நல்லா ஓடுச்சும்மணி, எல்லாம் இந்த ஷாஜி போட்ட செட்டுனால வந்தது"ன்னு அவருக்கு ஃபோனப் போட்டு, எம்பொண்ணு கேக்கட்டும்னே நல்லா சத்தம் போட்டேன்.

ஷாஜி வந்தாரு. அன்னிக்கு மனுசன் ஒரு முடிவோட வந்திருந்தாரு. கேபிள் குடுத்து ஸ்டார்ட் பண்ணாம, மொதல்ல மீட்டர எடுத்தாரு. வண்டி ஆஃப், கதவெல்லாம் சாத்தியாச்சு, பேட்டரி ஒயரக் கழட்டி நடுவால மீட்டர வெச்சுப் பாக்கறாரு, கரண்டு ஓடிட்டே இருக்குது. ஃப்யூஸ ஒண்ணொண்ணா புடுங்குனாரு. ஆடியோ ஃப்யூஸப் புடுங்குனதும் மீட்டர் எறங்கிருச்சு. திரும்பச் சொருகிட்டு, சீட்டுக்கு அடியில கைய வுட்டு ஆம்பத் தொட்டுப் பாத்தாரு. "சுடுது சாரே" அப்படீன்னாரு.

வெசயம் இதுதானுங்க. அந்த எழுப்பற ஒயர, சாவி போட்டா மட்டும் கரண்டு வர்ற எடத்துல குடுத்திருக்கோணும். அவசரத்துல இவரு பேட்டரில இருந்து நேரா வர்ற ஒயர்ல குடுத்துப்போட்டாரு. ஆம்பு எந்நேரமும் முழிச்சுட்டே இருந்திருக்குது. நான் வண்டியப் பூட்டிட்டுப் போயிப் படுத்த பொறவும், கேக்க ஆளில்லாம, பாட ஒண்ணும் இல்லாம, அது பாட்டுக்கு முழிச்சுட்டே இருந்திருக்குது. அந்த உஸ்ஸு அதானுங்க.

"தப்பு என்னோடதுதான் சாரே, மன்னிக்கணும்"னாரு. எனக்கு வந்த சந்தோசம் இருக்குதே. "கேட்டியாம்மணி? நான் சொல்லல? எல்லாம் இவரு பண்ணுன கோளாறு. நான் வண்டி ஓட்டறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல"ன்னேன். அதோட வுட்டிருக்கலாமில்லீங்க அந்த மனுசன்? ஒயர மாத்திக் குடுத்தமா, டீயக் குடிச்சமா, போனமான்னு இருக்கோணுமில்ல?

எம்பொண்ணுகிட்ட டீ டம்ளர வாங்கிட்டே சொல்றாரு: "ஆனா மேடம், இது சின்னக் கரண்டு. டெய்லி ஓட்டற வண்டில இது தெரியவே தெரியாது. ராத்திரி எறங்கறது பகல்ல ஓடறப்போ ஏறிரும். நாலு நாள், அஞ்சு நாள் அசையாம நின்னாத்தான் டெட் ஆகும். சார் டெய்லி ஓட்டறேன்னு சொன்னதுனாலதான் நானும் டைனமோவத் தேடிட்டுக் கெடந்தேன். முதல்லயே வண்டி நிக்குதுன்னு சொல்லியிருந்தா அன்னிக்கே பிடிச்சிருப்பேன்."

பாருங்க அந்த வாய. செஞ்ச தப்ப ஒத்துக்கிட்டது அரை நிமிசம், என்னை மாட்டி வுட்டது அஞ்சு நிமிசம். எனக்கு மூஞ்சியெல்லாம் சுட்டுப் போச்சு. எம்பொண்ணு அவரு போற வரைக்கும் வாசப்படில உக்காந்து வண்டியவே பாத்துட்டிருந்தா.

அவரு போன பொறவு பக்கத்துல போயி, "தொண்டாமுத்தூர் ரோட்டுக்கு மட்டும் அனுப்பிறாத சாமி. இனிமே நெசமாலுமே தினமும் ஓட்டறேன்"னேன். மில்லுல முந்நூறு பேர மேச்சவன், பெத்த பொண்ணு முன்னால அப்படி நின்னேன். அவ நிமிந்து பாத்துட்டு, "எனக்கு முன்னமே தெரியும்ப்பா" அப்படீன்னா.

எப்படித் தெரியும்னேன்.

"நிக்கற வண்டிக்குள்ள உக்காந்து பேசுனா எப்படிக் கேக்கும்னு எனக்குத் தெரியாதுங்களாப்பா"ன்னா.

எப்படிப்பட்ட காது பாருங்க. பத்தாயிரம் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் இருந்துட்டு, வண்டி ஓடுதா நிக்குதான்னு கண்டுபுடிச்சிருக்கறா. மில்லுல ஒரு மிசினு தாளம் தப்புனா நான் ஆபீஸ்ல இருந்தே சொல்லுவேன். அந்தக் காது அவளுக்கு வந்திருக்குது. தெரிஞ்சும் ஏம்மணி கேக்கலைன்னேன். "நீங்க பொள்ளாச்சி, தென்னந்தோப்புன்னு சொல்றது கேக்க நல்லா இருந்துதுங்ப்பா" அப்படீன்னா.

அப்பறம் இருந்த நாளெல்லாம் நாங்க ஊட்டுல இருக்கலீங்க. நெசமாலுமே பொள்ளாச்சி போனோம். ஆழியாறு போயி மீன் வறுவல் தின்னோம். பேரூரு, அவிநாசி, ஒண்ணு வுடல. நீங்க உக்காந்திருக்கீங்களே, அந்த சீட்டுலதான் செருப்பக் கழட்டிட்டு, காலத் தூக்கி மேல வெச்சுக்கிட்டு வருவா. ஃபோன எடுத்துக் கூடப் பாக்கல. மாப்பிள்ளைகிட்டப் பேசுனியாம்மணின்னு கேட்டா, அவருக்கு வேலைப்பாங்கறா. சாயங்காலம் திரும்பறப்போ தூங்கிருவா. பாட்டக் கொறைச்சு வெச்சுட்டு மெதுவா ஓட்டிட்டு வருவேன். இந்த ரெண்டு மூணு வருசத்துல நான் சந்தோசமா இருந்தேன்னா அப்பத்தானுங்க.

கெளம்பறதுக்கு முந்தின நாளு. சோறு தின்னுட்டு இருக்கறோம். திடீர்னு கேக்கறா, "அப்பா, நான் திரும்பப் போகாம இங்கயே உங்ககூட இருந்துட்டா என்னங்ப்பா?"

நான் சுதாரிச்சுக்கிட்டேன். இது பரிட்சைங்க. எனக்குத் தெரியாதுங்களா? அன்னிக்கு ஷாஜி சொன்னதக் கேட்டுட்டு வண்டியவே பாத்துட்டு உக்காந்திருந்தாளே, அது மனசுல ஓடிட்டேதான் இருந்திருக்குது. ஆமா கண்ணு, இருந்துக்கன்னு நான் சொன்னேன்னு வெச்சுக்குங்க, சரி, இந்த மனுசனால தனியா இருக்க முடியலைன்னு முடிவு பண்ணி, ஃபிளைட்டு ஏறறதுக்குள்ள தொண்டாமுத்தூர் ரோட்டுல ஒரு ரூம்ப புக் பண்ணிருவா. நான் ஏமாறுவனா? சோத்தப் பெசையறத நிறுத்தாம, "எனக்கு எதுக்கம்மணி ஆளு? நான் தனியா ராசாவாட்டம் இருக்கறேன். எனக்கு ஒருத்தரும் வேண்டாம். நீ போயி உன் குடும்பத்தப் பாரு" அப்படீன்னேன். நல்லா கணீர்னு சொன்னேன்.

"சரிங்கப்பா"ன்னுட்டு எந்திரிச்சு கை கழுவப் போயிட்டா. பாதிச் சோறு அப்படியே இருந்துது.

மறுநாளு ஏர்போர்ட்டுக்கு நாந்தான் ஓட்டிட்டுப் போனேன். ஒரே சாவில ஸ்டார்ட் ஆச்சு. பாத்தியாம்மணின்னேன். எறங்கறப்போ அழுதா. பெத்தவனத் தனியா வுட்டுட்டுப் போறம்னு அழுகறான்னு, அவ பாக்கறதுக்காக ரெண்டு கையையும் தூக்கி, நான் நல்லா இருக்கறேன்னு ஆட்டிக் காட்டுனேன்.

அதுக்கப்பறம் தொண்டாமுத்தூர் ரோட்டப் பத்தி ஒரு வார்த்தை பேசலீங்க. ஜெயிச்சாச்சு. ஊடு என்னுது, வண்டி ஓடுது, பேட்டரி கல்லாட்டம் நிக்குது. அவ கூப்பிடறது மட்டும் கொறைஞ்சு போச்சு. ஞாயித்துக்கெழமை கூப்பிட்டா உண்டு, இல்லாட்டி இல்ல. அப்பன் நல்லா இருக்கறான்னு தெரிஞ்சு போச்சில்லீங்க, நிம்மதியா இருப்பா. நான்தான் வண்டில ஏறுனதும் செட்டப் போட்டுட்டு, ஸ்கிரீன்ல அவ பேரு வருதான்னு பாத்துட்டே ஓட்டறேன். அதுல ஒரு நாளு ஸ்பீட் பிரேக்கர கூட கவனிக்கல.

சுங்கம் தாண்டியாச்சு, இதா வாலாங்குளம். கரையோட போனா உக்கடந்தான். ரொம்பப் பேசிட்டனுங்களா? நீங்க ஒண்ணுமே பேசலையே.

என்னங்க கேட்டீங்க?

இல்லீங்க. நெசமா கேட்டிருக்க மாட்டா. அது பரிட்சைன்னு சொன்னனில்லீங்க. எம்பொண்ணப் பத்தி எனக்குத் தெரியாதுங்களா? அங்க அவளுக்கு என்ன கொறை? மாப்பிள்ளை நல்லாத்தான் பாத்துக்கறாரு. இங்க இருந்த பதினஞ்சு நாளும் அவரு ஒருக்கா கூட... இல்லீங்க, கூப்பிடல. நானும் எதுக்குன்னு கேட்டுக்கல. எனக்கு அப்ப ஊட்டக் காப்பாத்திக்கற கவலை.

ஆமாங்க, ஞாயித்துக்கெழமைதான் கூப்பிடுவா. ஆபீஸ் வுட்டு வர்றப்பத்தான்...

ஞாயித்துக்கெழமை ஆபீஸ் ஏதுங்க.

இருங்க, சித்த ஓரமா நிறுத்திக்கறேன். கண்ணு மறைக்குது. அந்தக் காக்கா கூடவே வரும்னு சொன்னனில்லீங்க உங்ககிட்ட? வண்டி போனா காக்கா எப்படீங்க கூடவே வரும். அவளும் நிக்கற வண்டிக்குள்ளதான் உக்காந்து பேசிட்டு இருந்திருக்கறா. எட்டு ஸ்பீக்கர வெச்சுட்டு நான் என்னத்தங்க கேட்டுட்டு இருந்தேன். என்னத்தக் கேட்டேன் நான்.

உக்கடம் இதா, அந்தத் திருப்பந்தான். நடந்தாக் கூட போயிரலாம். ஆனா எறங்கிராதீங்க, சித்த உக்காந்திருங்க. தனியாக் கூப்பிட எனக்கு ஒரு மாதிரியா இருக்குது. என்ன சொல்றதுங்க மொதல்ல? இருந்துக்கம்மணின்னு சொன்னாப் போதுங்களா? வந்துரு சாமின்னு சொல்றேன். ஊடு பெருசா கெடக்குது, தனியா இருக்க எனக்கு ஆகல, வந்துருன்னு சொல்றேன்.

ரிங்கு போகுதுங்க. அங்க இப்ப பொழுது சாயற நேரம். எடுப்பாளுங்க. இன்னும் ஊட்டுக்குள்ள போயிருக்க மாட்டா.